துண்டோடு பாடம் படித்த கூரை

கண்ணாடிக்காரனுக்குப் பயம் என்பது கூடப்பிறந்த தங்கை மாதிரி. எங்கே போனாலும் பின்னாலேயே வரும். வண்டியின் கதவைப் பிரித்தால் திருகாணி தொலைந்துவிடுமோ என்று பயம். திரும்ப மாட்டினால் ஒன்று மிச்சமாகிவிடுமோ என்று பயம். வேலையெல்லாம் முடிந்து, வண்டிக்காரர் சிரித்த முகமாகக் கிளம்பிப் போன பிறகும், எதற்காகச் சிரித்தார் என்று ஒரு பயம். அவன் மச்சான், அதாவது அவன் மனைவியின் அண்ணன், பட்டறைக்குச் சொந்தக்காரர், இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார். "மாப்பிள்ளை, நீ கண்ணாடியோட பழகிப் பழகி கண்ணாடி மாதிரியே ஆயிட்டே. தொட்டா விரிசல் விட்டுடுவே போல."

எஞ்சின், பிரேக், அடியில் படுத்துச் செய்கிற வேலை எல்லாம் மச்சானுடையது. கண்ணாடி ஏறவில்லை, இறங்கவில்லை, பாதியில் நிற்கிறது, கூரை ஒழுகுகிறது என்று யார் வந்தாலும் இவனிடம் கைகாட்டி விடுவார். அதனால்தான் இவனுக்கு அந்தப் பெயர். நிஜப் பெயர் ரேஷன் அட்டையில் இருக்கிறதோ என்னவோ, தெருவில் யாருக்கும் தெரியாது.

இவனுடைய வேலை என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. கதவுக்குள்ளே ஒரு சின்ன மோட்டார். அது சுற்றினால் மெல்லிய இரும்புக் கம்பி ஒன்று உருளையில் ஓடும். அந்தக் கம்பியில் ஒரு கவ்வி. கவ்வி கண்ணாடியின் அடியைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் போகும். அவ்வளவுதான் ஜன்னல். அதையே படுக்கப் போட்டால் வண்டியின் கூரை. கூரைக்கு இரண்டு பக்கமும் தண்டவாளம், பின்னால் மோட்டார். பட்டனை அழுத்தினால் கண்ணாடிப் பலகை பின்னுக்குப் போய் வானம் தெரியும். திரும்ப அழுத்தினால் முன்னால் வந்து மூடிக்கொள்ளும்.

ஆனால் மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பெட்டி இருக்கிறதே, அதுதான் விஷயம். அதற்குக் கண் கிடையாது. நடுவில் கை இருக்கிறதா, கழுத்து இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றே ஒன்று: இந்த இடத்தில் கண்ணாடியைத் தள்ள வழக்கமாக எவ்வளவு சிரமப்பட வேண்டும் என்பது. வழக்கத்தைவிடச் சிரமம் கூடினால், நடுவில் எதுவோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கண்ணாடியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். அந்த வழக்கம் எது என்று அதற்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டாமா? பிரித்து மாட்டிய பிறகு மெக்கானிக்தான் சொல்லிக்கொடுக்கிறான். பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் கூரை ஒருமுறை முழுசாகத் திறந்து முழுசாக மூடும். அந்த ஒரு சுற்றில் அது எதையும் சந்தேகப்படாது. முழு பலத்தோடு வரும். எது இடித்தாலும், ஓகோ, இங்கே இப்படித்தான் இருக்கும் போல என்று மனப்பாடம் செய்துகொள்ளும். நல்லதும் கெட்டதும் தெரியாத குழந்தைக்குப் பாடம் எடுக்கிற மாதிரிதான்.

இதைக் கண்ணாடிக்காரனைவிட நன்றாகத் தெரிந்தவன் அந்த வட்டாரத்தில் இல்லை. தெரிந்திருந்து என்ன புண்ணியம்!

பல் டாக்டரம்மாவின் வண்டி வந்தது. கூரை மூடுகிற மாதிரி வரும், கடைசியில் பயந்துபோய்த் திரும்பிவிடும். ஒருமுறை இல்லை, ஒவ்வொரு முறையும். மழையில் அவளுடைய இரண்டு பையன்களும் குடை பிடித்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார்களாம். "எனக்கு இந்த வாரமே வேணும். பசங்க கூரையத் திறந்துக்கிட்டு நிக்கணும்னு உயிரை வாங்கறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். சிரிக்காமல் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் வக்கீல் வேறு. 

பிரித்துப் பார்த்தால் தண்டவாளம் பூரா மண்ணும் சருகும். பழைய கிரீஸ் காய்ந்து பிசினாகிக் கிடந்தது. பாவம், பெட்டியின் மேல் தப்பே இல்லை, நிஜமாகவே சிரமப்பட்டிருக்கிறது. ராத்திரி பகலாக என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒழுங்காகச் சுத்தம் செய்தான். பல் தேய்க்கிற பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்தான். ரப்பரை மாற்றினான். புது கிரீஸ் தடவினான்.

இப்போது கவனியுங்கள். அந்த வண்டியின் உள்கூரைத் துணி பால் வெள்ளை. கிரீஸ் ஒரு சொட்டு விழுந்தால் போகாது. வேறு மெக்கானிக்காக இருந்தால், விழுந்தால் துடைச்சுக்கலாம் போ என்று இருந்திருப்பான். நம்ம ஆள் பயந்தவன் ஆயிற்றே! தன் தோள்துண்டை நாலாக மடித்து, கூரையின் முன் விளிம்பில் நீளவாக்கில் போட்டுவைத்தான். ஒவ்வொரு வண்டிக்கும் இதைச் செய்வான். பாடம் எடுக்கும் முன்னால் எடுத்துவிடுவான். பயந்தவன் செய்கிற தப்பே தனி ரகம். அஜாக்கிரதையால் வராது. ஜாக்கிரதையால் வரும்.

அன்றைக்குப் பாடம் எடுக்கப் பட்டனில் விரலை வைத்தபோது, முதுகுக்குப் பின்னால் ஒரு டாக்ஸிக்காரர் வந்து நின்று கத்த ஆரம்பித்தார். காலையில் விட்ட வண்டி, இன்னும் கதவே திறக்கவில்லை, சவாரி போகிறது, இதுதான் உங்கள் தொழிலா என்று ஒரே கூச்சல். யாராவது குரலை உயர்த்தினால் கண்ணாடிக்காரனுக்குக் கை கால் ஓடாது. விரலை எடுக்கவில்லை, தலையை மட்டும் திருப்பிக்கொண்டு, "அண்ணே, இதோண்ணே, அடுத்தது உங்களுதுதாண்ணே" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். கூரை திறந்தது. கூரை மூடியது. பெட்டி தன் பாடத்தைப் படித்து முடித்தது. டக் என்று சத்தம் கேட்டதும் விரலை எடுத்துவிட்டு டாக்ஸியை நோக்கி ஓடினான். துண்டைப் பற்றி அவனுக்கு நினைப்பே வரவில்லை.

பாடம் முடிந்த பிறகு ஒரு சோதனை உண்டு. அட்டையைக் குழாய் மாதிரி சுருட்டி நடுவில் நீட்டிவிட்டுக் கூரையை மூடிப் பார்ப்பார்கள். அட்டை நசுங்காமல் கண்ணாடி திரும்பிப் போக வேண்டும். அதைச் செய்யலாம் என்று நினைத்துக்கொண்டே டாக்ஸிக் கதவின் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தபோதுதான் அவன் மனைவி வந்தாள்.

வேலை முடிந்த வண்டிகளைக் கொண்டுபோய் வீட்டில் விடுவது அவள் பொறுப்பு. பயம் என்றால் என்ன என்று கேட்பாள். புருஷனுக்கும் சேர்த்து தைரியத்தை வாங்கி வந்தவள் என்று அவள் அண்ணனே சொல்வார். வந்த வேகத்தில் டாக்டரம்மா வண்டியில் ஏறி உட்கார்ந்து கூரையைத் திறந்தாள். வழுக்கிக்கொண்டு திறந்தது. துண்டு நேராக அவள் தலையில் விழுந்தது.

"அடக் கண்றாவியே! கட்டினவ தலையிலயே துண்டப் போட்டுட்டீங்களே!" என்றாள்.

மச்சான் வண்டிக்கு அடியிலிருந்தே சிரித்தார். டாக்ஸிக்காரர்கூட சிரித்துவிட்டார். கண்ணாடிக்காரனும் சிரித்தான். அவள் துண்டை எடுத்து மேஜைமேல் எறிந்துவிட்டுக் கூரையை மூடிப் பார்த்தாள். சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது.

"சூப்பரா இருக்குங்க. நம்ம வாண்டுக்கு இன்னைக்கு அரை நாள்தான் ஸ்கூல். அவளையும் ஏத்திக்கிட்டு, ஒரு ரவுண்டு காட்டிட்டு, டாக்டரம்மா வீட்டுல வண்டிய விட்டுட்டு பஸ்ல வந்துடறோம்."

"ம்" என்றான் அவன், டாக்ஸிக் கதவுக்குள் தலையை விட்டபடி. காதில் விழுந்ததா என்றால் விழுந்தது. மண்டையில் ஏறியதா என்றால் ஏறவில்லை. குடும்பத்தில் பாதி வம்பு இந்த "ம்"மில்தான் வருகிறது.

அவள் டாக்டரம்மா வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பிறகு டாக்ஸியும் போனது. அவன் கையைத் துடைக்கத் துண்டை எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

துண்டின் நடுவே நீளமாக ஒரு கோடு. இஸ்திரி போட்ட மாதிரி அழுந்தி, பலகையாக விறைத்து, ஓரத்தில் கிரீஸ் கறையோடு. நாலு மடிப்பும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. விரலால் பிரிக்க வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக ஓடியது. துண்டு விளிம்பிலேயே இருந்திருக்கிறது. கண்ணாடி வந்து அதன்மேல் ஏறி நசுக்கிக்கொண்டு மூடியிருக்கிறது. அதைத்தான் அந்தப் பெட்டி படித்திருக்கிறது. கடைசி நாலு விரற்கடையில் மெத்தென்று எதுவோ இடிக்கும், இடித்தால் விடாதே, அழுத்து, அதுதான் வழக்கம் என்று படித்திருக்கிறது. படிக்க வைத்தது இவன்.

 உடம்பு நடுவில் இருந்தால் பரவாயில்லை என்று கணக்குப் போட்டான். உடம்பு தடிமன், முன்னாடியே இடிக்கும், அந்த இடத்துப் பாடம் சரியாகத்தான் இருக்கிறது, கண்ணாடி திரும்பிவிடும். தலையும் அப்படியே. கைதான். மணிக்கட்டு. விரல். கூரைக்கு வெளியே நிற்கிற பிள்ளைகள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்? முன் விளிம்பைத்தான். உட்காரச் சொன்னால் உடம்பு உள்ளே வந்துவிடும். கை மட்டும் கடைசிவரை அங்கேயே தொங்கும்.

டாக்டரம்மாவின் இரண்டு பையன்களும் கண்முன்னே வந்து நின்றார்கள்.

நேராக மச்சானிடம் போனான். வண்டிக்கு அடியில் குனிந்து எல்லாவற்றையும் சொன்னான்.  மச்சான் சக்கரப் பலகையில் சர்ரென்று வெளியே வந்து, முகத்தில் எண்ணெயோடு அவனைப் பார்த்தார்.

"இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல மச்சான். டாக்டரம்மாவுக்கு இப்பவே போன் போட்டு..."

"போட்டு? 'அம்மா, என் வேலை தப்பு, உங்க பசங்க கையை நசுக்கிடும்'னு சொல்லுவியா? வக்கீல் வீடுடா அது. நாளைக்கே பட்டறைக்குப் பூட்டுப் போட்டுடுவாரு. உன் வாயாலயே நீ ஏன் மாட்டிக்கறே?"

"பசங்க நிப்பாங்களே மச்சான்."

"ஒரு நாளைக்குள்ள என்ன ஆயிடும்? காலையில போன் போட்டு, 'சர்வீஸ் முடிஞ்சு ஒரு இலவசச் செக்கப் உண்டு, வண்டிய அனுப்புங்க'ன்னு சொல்லு. துண்டில்லாம இன்னொரு தடவை பட்டனை அமுக்கு. முடிஞ்சுது கதை. போ, போய் டீ குடி. முகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு."

உண்மையைச் சொன்னால், கண்ணாடிக்காரனுக்கு அந்த வார்த்தை இதமாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் பிள்ளைகளின் கை. மறுபக்கம் சிரிக்காத டாக்டரம்மாவின் முகம். எந்தப் பயம் பெரிது? கிட்டத்தில் இருக்கிற பயம்தான் எப்போதும் பெரிது. அந்தப் பிள்ளைகளை அவன் பார்த்தது ஒரே ஒருமுறை. ஒரு நாளைக்குள் என்ன ஆகிவிடும் என்று தனக்குள்ளேயும் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டான். ஆகாது என்றே பட்டது. டீ வாங்கிவந்து பட்டறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். ஆற்றி ஆற்றிக் குடித்தான். நடுவில் இரண்டு முறை போனை எடுத்தான், இரண்டு முறையும் வைத்துவிட்டான். 

எதிர்க்கடை டயர்க்காரர் பைக்கில் வந்து இறங்கினார். வாயாடி மனுஷன். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்தார்.

"என்னய்யா கண்ணாடி, உன் பொண்ணு மகாராணியா ஆயிட்டா போல! பெரிய வண்டியில, கூரைக்கு மேல நின்னுக்கிட்டு, ரெண்டு கையாலயும் விளிம்பப் பிடிச்சுக்கிட்டு ஜம்முனு போறா. என்னைப் பாத்து, 'மாமா, எங்கப்பா செஞ்ச கூரை'ன்னு கத்தறா. சிரிச்சுட்டேன்யா."

கண்ணாடிக்காரன் எழுந்தானா, டம்ளர் கீழே விழுந்ததா, எது முதலில் என்று அவனுக்கே தெரியாது. ஒரு ரவுண்டு காட்டிட்டு. அவள் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது.  இதுவரை பட்ட பயமெல்லாம் பயமே இல்லை.

"எங்க? எங்க பாத்தீங்க?"

"பூங்கா ரோட்டுலதான். இப்பத்தான். ஏன்யா இப்படி வேர்க்குது உனக்கு?"

போனை எடுத்து மனைவியின் எண்ணைத் தட்டினான். மணி அடித்தது. அடிக்க அடிக்கத்தான் அவனுக்கு அது உறைத்தது. வண்டி ஓட்டும்போது போன் வந்தால் அவள் முதலில் செய்வது என்ன? கண்ணாடியெல்லாம் ஏற்றிவிடுவாள். காற்றுச் சத்தத்தில் பேசவே அவளுக்குப் பிடிக்காது. "இருங்க இருங்க, ஏத்திக்கறேன்" என்பதுதான் அவளுடைய ஹலோ. இன்றைக்கு ஏற்ற வேண்டியது ஜன்னல் இல்லை. மூட வேண்டியது கூரை.

பாம்பைத் தொட்டவன் மாதிரி அழைப்பைத் துண்டித்தான்.

இப்போது என்ன செய்வான், சொல்லுங்கள்! கூப்பிட்டால் மூடுவாள். கூப்பிடாவிட்டாலும் எப்போதாவது மூடுவாள். குறுஞ்செய்தி அனுப்பலாம் என்று எழுத்துகளைத் தட்டினான். அவசரத்தில் ஒரு எழுத்துக்கு மூன்று எழுத்து விழுந்தது. அதற்குள் அவள் பார்த்துவிட்டிருப்பாளே, இவன் கூப்பிட்டதை? பார்த்தால் சும்மா இருப்பாளா? புருஷன் கூப்பிட்டு வைத்துவிட்டான் என்றால் உடனே திரும்பக் கூப்பிடுகிறவள் ஆயிற்றே.

கையிலேயே போன் அலறியது. அவள்தான்.

எடுத்துக் காதில் வைத்தான். ஹோவென்று காற்று. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் உயிர் திரும்பி வந்தது. காற்று கேட்கிறது என்றால் கூரை இன்னும் திறந்திருக்கிறது.

"என்னங்க, எடுக்கறதுக்குள்ள வெச்சிட்டீங்க?"

"மூடாத! கூரையை மூடாத!"

"என்னது?"

"பட்டனைத் தொடாத! வண்டிய ஓரமா நிறுத்து!"

"ஒண்ணுமே கேக்கலைங்க. ஒரே காத்து. இருங்க இருங்க. ஏய் வாண்டு, உக்காருடி, மூடப்போறேன்."

"வேண்டாம்! வேண்டாம்டி!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான். மனைவியை அவன் அதுவரை 'டி' போட்டுப் பேசியதே இல்லை.

காற்றுக்கு நடுவே ர்ர்ர் என்று மோட்டார் சத்தம். எத்தனை வருஷமாகக் கேட்கிற சத்தம்! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கண்ணாடி எந்த இடத்தில் வருகிறது என்று சொல்லிவிடுவான். பாதி வந்தது. முக்கால் வந்தது. காற்று குறைந்தது. நேற்றுவரை பயந்து திரும்பிப் போன இடமும் வந்தது. இன்று திரும்பவில்லை. சத்தம் கொஞ்சம் கனத்தது, அவ்வளவுதான், நிற்காமல் அழுத்தியது.

பிறகு குழந்தை அலறினாள். அந்த மாதிரி ஒரு அலறலை அவள் பிறந்ததிலிருந்து அவன் கேட்டதில்லை.

"திற! எதிர்ப்பக்கம் அமுக்கு! எதிர்ப்பக்கம்!"

இப்போது காற்று இல்லை. அவன் சொன்னது ஒவ்வொரு சொல்லும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டிருக்கும். போன் எங்கேயோ விழுந்து கடகடவென்று உருண்டது. "அம்மா, அம்மா" என்று ஒரு குரல். அதோடு தொடர்பு அறுந்துவிட்டது.

டயர்க்காரரின் பைக்கை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனானா, அவர்தான் ஏற்றிக்கொண்டு போனாரா என்று பிறகு யாரைக் கேட்டாலும் ஒவ்வொரு மாதிரி சொன்னார்கள். அவர்தான் ஓட்டினார். கண்ணாடிக்காரன் பின்னால் உட்கார்ந்து அவர் சட்டையைக் கிழிய கிழியப் பிடித்திருந்தான். நம்பாத சாமியையெல்லாம் கூப்பிட்டான். விரல் போகட்டும், கை இருக்கட்டும் என்று வேண்டினான். அடுத்த நிமிஷமே, ஐயோ, விரலும் போக வேண்டாம், ஒன்றுமே போக வேண்டாம் என்று மாற்றி வேண்டினான். ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி தெரிந்துவிடுமோ என்று பயந்தான், தெரியவில்லையே என்றும் பயந்தான்.

பூங்கா ரோட்டின் ஓரத்தில் வண்டி கோணலாக நின்றது. கதவெல்லாம் திறந்து கிடந்தது. சுற்றி ஏழெட்டுப் பேர். அவன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனபோது வண்டிக்குள் யாரும் இல்லை. கூரை திறந்திருந்தது. பால் வெள்ளைத் துணியின் முன் விளிம்பில் சிவப்பாக ஒரு தீற்றல், கீழே சீட்டிலும் சொட்டுகள்.

"யாரோ காருல ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றார் ஒருவர். "நீங்க யாரு?"

"அப்பா" என்றான். 

ஆஸ்பத்திரியில் நீளமான நடைக்கூடம். கடைசி அறையில் வாண்டு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கை முழங்கைவரை வெள்ளைக் கட்டு. ஊசி போட்டிருந்ததால் அழுகை அடங்கிவிட்டது, விக்கல் மட்டும் அடங்கவில்லை. அப்பாவைப் பார்த்ததும் உதடு பிதுங்கியது. "அப்பா, உன் கூரை என்னைக் கடிச்சிடுச்சுப்பா" என்றாள். அவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு விரலில் எலும்பு உடைந்திருக்கிறது, சேர்ந்துவிடும் என்று எலும்பு டாக்டர் சொன்னார். நடுவிரலின் நுனிதான் நசுங்கியிருக்கிறது, அது நிற்குமா நிற்காதா என்று போகப் போகத்தான் தெரியும் என்றார். எழுதுகிற கையா என்று கேட்டார். ஆமாம் என்றாள் மனைவி. டாக்டர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மச்சானும் வந்துவிட்டிருந்தார். எண்ணெய்க் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரோரம் நின்றார். வாண்டு தூங்கிப்போனாள். அப்போதுதான் மனைவி பேசினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டவில்லை.

"எனக்கே என் மேல ஆத்திரமா வருதுங்க. ஸ்கூல்ல இன்னைக்கு லேட்டாத்தான் விட்டாங்க. கேட்டுக்கு முன்னாடி வண்டிய நிறுத்தி, எஞ்சினை அணைச்சிட்டு, போனைக் கையில வெச்சுக்கிட்டு சும்மாதான் உக்காந்திருந்தேன். எவ்வளவு நேரம்! அப்பவே நீங்க கூப்பிட்டிருந்தா ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும். நம்ம நேரம் பாருங்க, ஓட்டும்போது தெரிஞ்சிருக்கு உங்களுக்கு." அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "உங்களுக்கு எப்பங்க தெரிஞ்சுது?"

"இப்பத்தான்மா" என்று மச்சான் முந்திக்கொண்டார். "தெரிஞ்ச நிமிஷமே போனை எடுத்துட்டான். பாவம், துடிச்சுப் போயிட்டான்."

கண்ணாடிக்காரன் தரையையே பார்த்தான். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. மச்சான் தப்பிக்கக் கதவைத் திறந்தே வைத்துவிட்டார், நுழைந்தால் போதும்.  கட்டிலில் வாண்டு தூக்கத்திலேயே ஒருமுறை விக்கினாள்.

"டாக்ஸி போன உடனே தெரிஞ்சுது" என்றான். "துண்டைப் பாத்தேன். பாத்த உடனே தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"டீ குடிச்சேன்."

அவளுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளப் பிடிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். "நாங்க அதுல போறோம்னு தெரிஞ்சும்?"

"ஐயோ, இல்ல. நீ சொன்னது காதுல ஏறல. சத்தியமா ஏறல. டாக்டரம்மா பசங்கதானேன்னு..." அதற்குமேல் அந்த வாக்கியத்தை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் நிறுத்தினான்.

 மச்சான் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். மனைவி மகளின் கட்டுப் போட்ட கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "டாக்டரம்மா பசங்க மட்டும் அதுல இருந்திருந்தா, இந்நேரம் ரெண்டாவது டீ குடிச்சிருப்பீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான்.

அவள் தன் போனை எடுத்தாள். ஓரத்தில் கண்ணாடி உடைந்திருந்தது. எண்ணைத் தட்டி அவனிடம் நீட்டினாள்.

"யாருக்கு?"

"வண்டிக்குச் சொந்தக்காரங்களுக்கு. பூங்கா ரோட்டுல சாவியோட நிக்குது. அவங்களே போய் எடுத்துக்கலாம், பசங்களையும் ஏத்திக்கலாம். பேசுங்க."

மணி அடித்துக்கொண்டிருந்தது. அவன் வாழ்நாளில் பயந்த அத்தனை முகங்களும் அந்த மணிக்குள் இருந்தன. வைத்துவிடலாமா என்று அப்போதும் ஒரு கணம் தோன்றியது. அதற்குள் டாக்டரம்மா எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க. என்ன, வண்டி இன்னும் வரல? பசங்க ஸ்கூல்லருந்து வந்ததுல இருந்து கேட்டுலயே தொங்கிக்கிட்டிருக்காங்க. நாங்களே வந்து எடுத்துக்கட்டுமா?"

"வேண்டாம்மா. வண்டிய யாரும் தொடாதீங்க. நான் கண்ணாடிக்காரன் பேசறேன்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. துண்டைச் சொன்னான். பாடத்தைச் சொன்னான். சோதிக்காமல் விட்டதைச் சொன்னான். தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்ததைச் சொன்னான். "உங்க பசங்க கை போயிருக்கணும்மா. என் பொண்ணு கை மாட்டிக்கிச்சு. கேஸ் போடறதுன்னா போடுங்க."

அந்தப் பக்கம் தூரத்தில் இரண்டு பையன்கள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருப்பது மட்டும் கேட்டது. கத்தப்போகிறாள் என்று அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"எந்தக் கை?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"வலது கைம்மா" என்றான்.